புட்டியா, சங்கா, தம்ளரா? குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பிறர் கொடுப்பது பற்றி வாசகர் கேள்விகள்

குழந்தை நலப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒரே பொருளைப் பற்றியவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு, தாய் அருகில் இல்லாத வேளையில் அந்தப் பாலை வேறொருவர் எப்படிக் கொடுப்பது என்பதே அந்தப் பொருள். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம் ஆகப்போகிறது. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே விடுப்பு எடுத்துவிட்டதால், இன்னும் மூன்று வாரத்தில் அலுவலகம் திரும்ப வேண்டும். பாலைப் பம்ப் செய்து எடுத்து, சில நாட்களாகப் புட்டியில் கொடுத்துப் பார்க்கிறேன். நிப்பிள் வாயருகே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுகிறான். மூன்று விதமான நிப்பிள்களை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. நிப்பிளில் தேன் தடவிக் கொடுக்கும்படி ஒருவரும், அரை நாள் பட்டினி போட்டால் தானாகக் குடிப்பான் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும் டாக்டர்?
— வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். ஒரு வயது நிறைவதற்கு முன் குழந்தையின் நாக்கில் தேன் படவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும் ஆபத்து உண்டு. இது அரிதாகவே நடக்கும் என்றாலும், நடந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகும். பட்டினி போடுவதைப் பொறுத்தவரை, கடும் பசியில் இருக்கும் குழந்தை எந்தப் புதிய பழக்கத்தையும் கற்றுக்கொள்ளாது. நிப்பிளைக் கண்டால் கோபமும் அழுகையும் வரும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

உங்கள் மகன் அடம் பிடிக்கவில்லை. மார்பில் குடிக்கும்போது அவன் வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் உள்ளே இழுத்து, நாக்கை அலைபோல் அசைத்துப் பாலை வரவழைக்கிறான். சற்று நேரம் சப்பிய பிறகே பால் பாய்ந்து வரும், பிறகு தணியும், மீண்டும் பாயும். அவன் நிறுத்தினால் அதுவும் நிற்கும். புட்டியிலோ உதடு பட்ட நொடியிலிருந்தே பால் சொட்டத் தொடங்குகிறது, அவன் நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. பிறந்த முதல் சில வாரங்களில், வாயில் எதை வைத்தாலும் சப்புவது குழந்தையின் அனிச்சைச் செயல். நான்கு மாதத்தை நெருங்கும்போது அந்த அனிச்சை மங்கி, சப்புவதா வேண்டாமா என்று அதுவே தீர்மானிக்கும் நிலை வருகிறது. ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் புட்டியை அறிமுகப்படுத்தியவர்களுக்கு இந்தப் போராட்டம் பெரும்பாலும் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். அந்தக் காலம் கடந்துவிட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை, மூன்று வாரம் போதுமான அவகாசம்தான்.

முதலில், கொடுக்கும் கை உங்களுடையதாக இருக்க வேண்டாம். உங்கள் மடியில், உங்கள் மணத்தில், மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்துகொண்டு ரப்பரைச் சப்பும்படி சொன்னால் எந்தக் குழந்தைதான் ஒப்புக்கொள்ளும்? கணவரோ, உங்கள் அம்மாவோ, மாமியாரோ, பகலில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவரே கொடுக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்து அறையில் கூட இல்லாமல் கடைக்கோ மொட்டைமாடிக்கோ போய்விடுங்கள். வயிறு நிறையக் குடித்து ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் ஆன பிறகு, பசியும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் குழந்தை விளையாட்டாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் பீய்ச்சிய பால் 15 முதல் 20 மில்லி போதும். இந்தக் கட்டத்தில் வயிற்றை நிரப்புவது நோக்கமல்ல, பழக்குவதே நோக்கம்.

குழந்தையைப் படுக்கவைக்காமல் மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தையும் தலையையும் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். நிப்பிளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மேலுதட்டில் மெதுவாகத் தொட்டுக் காட்டி, அவன் தானாக வாயைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும், திணிக்கக் கூடாது. வாயில் வாங்கியபின் புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடித்தால் நிப்பிளில் பாதியளவே பால் நிற்கும், அவன் சப்பினால்தான் வரும். நான்கைந்து முறை விழுங்கியதும் புட்டியைச் சற்றுத் தாழ்த்தி மூச்சுவிட இடம் கொடுங்கள். அழத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டுத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிட முயற்சிக்கு மேல் வேண்டாம். நிப்பிளை அடிக்கடி மாற்றுவதையும் நிறுத்துங்கள். மெதுவாகப் பால் வரும் வகையில் ஒன்றை எடுத்து ஒரு வாரமாவது அதையே தொடர்ந்தால்தான் குழந்தைக்கு அது பழகும்.

புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காதீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கவிழ்த்துப் பிடித்தால் பால் தானாகக் கொட்டும். மூச்சுத் திணறாமல் இருக்கவாவது குழந்தை விழுங்கியே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் 150 மில்லி காலியாகிவிடும். அதைப் பார்த்தவர்கள், “பார்த்தாயா, பிள்ளை எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறது, உனக்குப் பால் போதவில்லை” என்பார்கள். நான் பார்த்தவரை, பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோனதற்குப் பால் குறைவைவிட இந்த ஒரு வாக்கியமே காரணமாக இருந்திருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவே குடிக்கிறது. மாதம் ஏற ஏற அந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. உங்கள் மகன் நாளொன்றுக்கு எட்டு முறை குடிப்பவன் என்றால் ஒரு வேளைக்கு 90 அல்லது 100 மில்லி. பயண நேரம் உட்பட ஒன்பது மணி நேரம் நீங்கள் வெளியே இருந்தாலும், மூன்று வேளைக்கு 300 மில்லிக்குள் வைத்துவிட்டுப் போனால் போதும்.

எடுத்துவைத்த பாலை நீங்களே ஒரு முறை சுவைத்துப் பாருங்கள். சில தாய்மாரின் பாலில் கொழுப்பைப் பிரிக்கும் லைப்பேஸ் என்னும் நொதியின் வேலையால், குளிர்பதனப் பெட்டியில் சில மணி நேரம் இருந்தாலே சோப்பு வாடை வந்துவிடும். அந்தப் பால் கெட்டதல்ல. ஆனால் சில குழந்தைகள் அதைத் தொடமாட்டார்கள். புதிதாகப் பீய்ச்சியதைக் குடித்து, எடுத்துவைத்ததை மட்டும் மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பீய்ச்சிய உடனே, ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றும் வரை மட்டும், கொதிக்கவிடாமல் சூடாக்கி, சட்டென ஆறவைத்து எடுத்துவைத்தால் அந்த வாடை வராது.

இத்தனையும் செய்த பிறகும் அவன் மறுத்தால் என்ன? மறுத்துவிட்டுப் போகட்டும். நீங்கள் வேலைக்குச் சேரும்போது அவனுக்கு நான்கரை மாதம் தாண்டியிருக்கும். ஆறு மாதத்தில் திட உணவும் தம்ளரில் குடிப்பதும் தொடங்கிவிடும். ஆக, இந்தப் புட்டியின் ஆயுள் மொத்தமே ஆறேழு வாரம். அந்த இடைவெளியைச் சங்கோ, கரண்டியோ, சிறு எவர்சில்வர் தம்ளரோ கடத்திவிடும். உங்கள் மகன் குடிக்க வேண்டியது உங்கள் பாலைத்தான். அது புட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சங்கு பிடிக்கும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: என் மருமகள் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். காலையில் பாலை எடுத்துவைத்துவிட்டுப் போகிறாள். ஐந்து மாதப் பேத்திக்கு நான் சங்கில் கொடுக்கலாம் என்றால், சங்கு சுத்தமில்லாதது, பழைய காலத்துப் பழக்கம், புட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்று மகன் சொல்கிறான். நான் என் பிள்ளைகள் மூவரையும் சங்கில் புகட்டித்தான் வளர்த்தேன். யார் சொல்வது சரி?
— பாட்டி ஒருவர், கும்பகோணம்

பதில்: சுத்தத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி, அம்மா. சங்கு, பாலாடை, சங்கடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், திறந்த வாயும் ஒரு பக்கம் நீண்ட மூக்கும் உள்ள அந்தச் சிறு பாத்திரத்தில் பால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. புட்டியின் கழுத்திலும், மூடியின் மரையிலும், நிப்பிளின் துளையிலும் பால் படிந்து கிருமி வளர்வதுபோல் இதில் வளராது. சோப்பு நீரில் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுப்பது எளிது. தாய்ப்பாலை உறிஞ்சும் வலு இல்லாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலேயே செவிலியர்கள் பாலாடையில்தான் பால் கொடுக்கிறார்கள் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ரப்பரைச் சப்பிப் பழகாததால், மாலையில் தாய் வந்ததும் குழந்தை மார்பில் குடிப்பதில் எந்தக் குழப்பமும் வராது என்பது இன்னொரு நன்மை.

ஆனால் புகட்டும் முறை என்று வரும்போது, உங்கள் காலத்து வழக்கத்தில் சிலவற்றை விட்டுவிட வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதன்மேல் மல்லாத்திப் போட்டு, கன்னத்தை அழுத்தி அல்லது மூக்கைப் பிடித்து, அழுகிற வாயில் ஊற்றுவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. படுத்திருக்கும் குழந்தை மூச்சை இழுக்கும் அதே நொடியில் பால் இறங்கினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேத்தி நன்றாக விழித்திருக்கும்போது மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை உங்கள் முழங்கை மடிப்பில் தாங்குங்கள். கையால் தட்டிவிடுவாள் என்றால் ஒரு மெல்லிய துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். சங்கில் பாதியளவு பால் எடுத்து, அதன் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயோரமாகப் பட்டும் படாமலும் வையுங்கள். பால் உதட்டைத் தொடும் வரை மட்டும் சாய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். அவள் நாக்கை நீட்டி நக்குவாள், பிறகு உறிஞ்சுவாள், விழுங்குவாள். விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்த சாய்ப்பு. ஊற்றுவது உங்கள் வேலையல்ல; எடுத்துக்கொள்வது அவள் வேலை. வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று பொருள். முதல் சில நாட்கள் தாடையில் வழிந்து கொஞ்சம் வீணாகும். மருமகள் உயிரைக் கொடுத்து எடுத்துவைத்த பால் வழிகிறதே என்று மனம் பதறும். கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பொறுமையாகத் தொடருங்கள், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள்.

பரணில் இருக்கும் பழைய சங்கு பித்தளை என்றால் அதை எடுக்க வேண்டாம். பித்தளை, தாமிரப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலின் வழியாகச் சேர்ந்த தாமிரம், ஒரு காலத்தில் நம் நாட்டுக் குழந்தைகள் பலரின் கல்லீரலைச் சுருங்கச் செய்த கொடிய நோயுடன் தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அத்தகைய பாத்திரங்களின் புழக்கம் குறைந்த பிறகு அந்த நோயும் அரிதாகிவிட்டது. எவர்சில்வர் சங்கும் வெள்ளிச் சங்கும் கடைகளில் கிடைக்கின்றன. வசம்பை உரைத்துக் கலப்பதும் இடையில் தண்ணீர் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை எந்தக் கோடையிலும் தாய்ப்பாலில் இருக்கும் நீரே குழந்தைக்குப் போதும்.

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவமாகி 12 நாட்கள் ஆகின்றன. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பால் கொடுத்து மிகவும் களைத்துப்போகிறார். ஒரு வேளையாவது நான் புட்டியில் கொடுத்தால் அவர் தூங்குவார் அல்லவா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல மனம். ஆனாலும் நான்கு வாரம் வரை பொறுத்திருங்கள். பால் சுரப்பு நிலைபெறும் காலம் இது. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அதற்கு ஏற்பவே சுரப்பின் அளவு அமைகிறது. சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில்தான் அதிகமாகச் சுரக்கும் என்பதால், இப்போது இரவுப் பாலைத் தவிர்த்தால் பால் கட்டிக்கொண்டு வலி வருவதோடு சுரப்பும் குறையும். குழந்தை அழுதால் தூக்கிக் கொண்டுவந்து மனைவியின் அருகில் விடுவது, குடித்து முடித்ததும் ஏப்பம் விடச் செய்து துணி மாற்றித் தூங்கவைப்பது, பகலில் பார்க்க வரும் உறவினர்களை வாசலோடு அனுப்பி அவரை இரண்டு மணி நேரம் உறங்கவிடுவது ஆகிய மூன்றையும் நீங்கள் செய்தால், புட்டியால் கிடைப்பதைவிட அதிகத் தூக்கம் அவருக்குக் கிடைக்கும்.

கேள்வி: பீய்ச்சிய பாலை எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம் என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் மின்வெட்டும் உண்டு. சரியான கணக்கு என்ன?
— ஆசிரியை ஒருவர், தருமபுரி

பதில்: கணக்குகள் வேறுபடுவதற்குக் காரணம் வெப்பநிலையே. வெளியில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறைக்கு. நம் ஊரில் மார்கழி இரவைத் தவிர அப்படிப்பட்ட அறை எங்கே இருக்கிறது? ஆகையால் பீய்ச்சியதும் மூடி போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவதே நல்லது; பெட்டி இல்லாத இடத்தில், கோடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு நாள் வரை வைக்கலாம் என்று அதே மையம் சொல்கிறது. நம் நாட்டு மருத்துவமனைகளில் 24 மணி நேரம் என்று சொல்வது வழக்கம். மின்வெட்டு உள்ள வீட்டுக்கு இந்த 24 மணிக் கணக்கே பொருந்தும். மின்சாரம் போனால் பெட்டியின் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் உள்ளே உள்ள குளிர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும்.

பாலைக் கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வரையிலும், தனிக் கதவுள்ள உறைபெட்டியில் சில மாதங்களும் வைக்கலாம். ஒரு வேளைக்குரிய 60 அல்லது 90 மில்லியாகப் பிரித்து, மேலே தேதியையும் நேரத்தையும் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். புதிதாகப் பீய்ச்சிய சூடான பாலைக் குளிர்ந்த பாலோடு நேராகக் கலக்காமல், அதையும் குளிரவைத்த பிறகே சேர்க்க வேண்டும். உறைந்த பாலை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டால், முழுவதும் உருகியதிலிருந்து 24 மணிக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

எடுத்துவைத்த பாலைக் கொடுக்கும் முன் சூடாக்குவதற்கு, வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் பால் பாத்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதே போதும். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடாது. மைக்ரோவேவில் பால் சீராகச் சூடேறாமல் ஆங்காங்கே கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். மேலே ஏடுபோல் பிரிந்து நிற்பது கொழுப்பு, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்து மீதியான பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதன் பிறகு, எவ்வளவு மனக்கஷ்டமாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் பின்னலாடை நிறுவனத்தில் தையல் பிரிவில் இருக்கிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, பம்ப் வாங்கவும் வசதி இல்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போகலாம் என்று மாமியார் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கக் கூடாது. அதில் புரதமும் உப்பும் குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தாங்காத அளவில் இருக்கின்றன. இரும்புச் சத்தோ மிகக் குறைவு. தண்ணீர் கலந்தால் உப்பு குறையும், கூடவே வளர்ச்சிக்கு வேண்டிய சத்தும் குறைந்துவிடும். அந்தத் தண்ணீரும் புட்டியும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

பம்ப் இல்லாமலே பால் எடுக்க முடியும். கையால் பீய்ச்சுவது செலவில்லாதது. பழகிவிட்டால் பம்ப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. கையைச் சோப்பால் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்த அகன்ற வாய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மார்பை விரல் நுனிகளால் வட்டமாக நீவிவிட்டு, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலை மேலேயும் ஆட்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சு எலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரு விரல்களையும் நெருக்கி விடுவியுங்கள். விரல்கள் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் தாரையாகப் பீறிடும். வேகம் குறைந்ததும் மறு பக்கம், பிறகு மீண்டும் இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் செய்யலாம். விடியற்காலையில் குழந்தை குடித்து முடித்த பின்பு எடுப்பது எளிது, அப்போதுதான் பால் மிகுதியாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன் குழந்தைக்கு வயிறாரக் கொடுத்துவிட்டு, கடைசியாகப் பீய்ச்சிய பாலை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, அதைத் தண்ணீர் நிரம்பிய அகன்ற சட்டிக்குள் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் முதல் வேளைப் பால் தயார். பனிக்கட்டிப் பைகள் போட்ட சிறு ஐஸ்பெட்டி ஒன்று கிடைத்தால் நாள் முழுவதற்கும் கவலையில்லை; அதில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். வீடு அருகில் இருந்தால் மதிய இடைவேளையில் மாமியார் குழந்தையைத் தூக்கி வரட்டும், அல்லது நீங்கள் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதைச் சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் அங்கே நாளொன்றுக்கு நான்கு முறை போய்வரலாம் என்றும் வகை செய்தது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று, உங்களைப் போன்ற இரண்டு மூன்று தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அது சுலபம். காப்பகம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தில் ஒரு முறையாவது ஒதுக்குப்புறமாகப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட வேண்டும். தேக்கிவைத்தால் பால் கட்டி, மார்பு சிவந்து, காய்ச்சல் வரை கொண்டுவிடும்.

இவ்வளவு முயன்றும் பால் போதவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டு மாவுப்பாலைக் குறைந்த அளவில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் தவறொன்றும் இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கரைக்க வேண்டும். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். இன்னும் ஒரு மாதத்தில் மசித்த சாதம், பருப்பு, வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் எல்லாம் தொடங்கிவிடும், பகல் பொழுதின் பாரமும் குறைந்துவிடும்.

கேள்வி: எந்த கம்பெனி புட்டி நல்லது? தொலைக்காட்சியில் எல்லாவற்றுக்கும் விளம்பரம் வருகிறது, இதற்கு மட்டும் வருவதில்லையே?
— வாசகர், சேலம்

பதில்: வராமல் இருப்பதற்குக் காரணம் சட்டம். புட்டிகளையும், தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருட்களையும், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளையும் விளம்பரப்படுத்துவதும், தாய்மார்களுக்கு இலவசமாகக் கொடுப்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஆகவே நானும் எந்தப் பெயரையும் சொல்லமாட்டேன். உள்ளே கைவிட்டுத் தேய்க்கும்படி வாய் அகன்றதாகவும், உதிரிப் பாகங்கள் குறைந்ததாகவும், நிப்பிளில் பால் மெதுவாக வருவதாகவும் இருந்தால் போதும். கண்ணாடியும் எவர்சில்வரும் நல்லவை. பிளாஸ்டிக் என்றால் பிபிஏ (BPA) என்னும் வேதிப்பொருள் இல்லாதது என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவி, நீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒட்டும் தன்மை வந்த, வெடித்த நிப்பிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்துக் குழந்தையைத் தனியே குடிக்கவிடும் பழக்கம் மட்டும் எந்தப் புட்டிக்கும் ஆகாது. புரையேறுவதோடு காதில் சீழும், பின்னாளில் பற்சிதைவும் வரும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். நான் வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. பகல் முழுவதும் அம்மா தம்ளரில் கொடுத்தால் 60, 70 மில்லிக்கு மேல் குடிப்பதில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மார்பைப் பிடித்தால் இரவெல்லாம் விடுவதில்லை. பகலில் பட்டினி கிடக்கிறாளோ என்று அம்மா புலம்புகிறார்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பகலில் குடிக்க வேண்டியதையும் சேர்த்து இரவில் குடித்துக்கொள்ளும் குழந்தைகள் நிறையப் பேர் உண்டு. தாய் வரும் வரை சமாளித்துக்கொள்வோம் என்று அவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா, சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்கிறதா, தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு கீழே இறங்காமல் போகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் உங்கள் அம்மா பயப்படத் தேவையில்லை. ஏழு மாதத்தில் பகலுக்குத் திட உணவும் இருக்கிறது: இரண்டு மூன்று வேளை நெய் விட்டு மசித்த பருப்புச் சாதமோ, வேகவைத்த உருளைக்கிழங்கோ, முட்டையோ கொடுத்து, பீய்ச்சிவைத்த பாலையே அந்த உணவில் சேர்த்துக் குழைத்துவிட்டால் அவள் மறுத்த பாலில் பாதி உள்ளே போய்விடும்.

உங்கள் தூக்கத்துக்கு வழி தேட வேண்டும் என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, வேறு எந்த வேலையையும் தொடாமல் உட்கார்ந்து நிதானமாக ஒரு முறை பால் கொடுங்கள். படுப்பதற்கு முன் இன்னொரு முறை. காலையில் கிளம்பும் பரபரப்பில் ஒரு வேளையோடு நிறுத்தாமல், எழுந்ததும் ஒன்று, புறப்படும்போது ஒன்று என்று இரண்டாக்குங்கள். இவற்றால் இரவில் ஓரிரு வேளை குறையும். விடுமுறை நாட்களில் பகலிலேயே அடிக்கடி கொடுத்தால் சுரப்பும் குறையாது. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ, எடை நின்றுபோனாலோ அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.